தடம் விலகாத சிறு கார்

மின்சாரத்தால் ஓடும் விளையாட்டுக் கார்களுள் ஒரு வகை, தடத்தின் நடுவே வெட்டப்பட்ட ஒடுங்கிய பள்ளத்தைப் பற்றிக்கொண்டு ஓடும். அதனை 'ஸ்லாட் கார்' என்பர். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெட் பிரான்சிஸ் என்பார் 1957ஆம் ஆண்டில் 'ஸ்கேலக்ஸ்டிரிக்' என்னும் பெயரில் இவ்விளையாட்டை அறிமுகப்படுத்தினார். இச்சிறு பொருளிடம் நாம் கற்க வேண்டிய பாடமோ பெரிது.

பள்ளத்தின் இருபுறமும் உலோகப் பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கும். காரின் முன்பகுதியில் அடியில் பொருத்திய வழிகாட்டித் தகடு பள்ளத்தினுள் இறங்கி நிற்கும். அதனையொட்டியுள்ள செம்பு இழைகள் பட்டைகளைத் தொட்டு, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும். கையிலுள்ள விசையை அழுத்தினால் வேகம் மிகும்; தளர்த்தினால் குறையும்.

வழிகாட்டித் தகடு இருந்தும் வளைவில் கார் ஏன் வெளியே பாய்கிறது? ஓடும் பொருள் நேர்க்கோட்டிலேயே செல்ல முனைவது இயற்கை விதி. தகடு காரின் முன்பகுதியை மட்டுமே திருப்பும்; பின்பகுதியை டயர்களின் பிடிப்பே திருப்ப வேண்டும். வேகம் இரு மடங்கானால் அதே வளைவில் திரும்பத் தேவைப்படும் விசை நான்கு மடங்காகும். பிடிப்புப் போதாவிடின் கார் வழுக்கும். பிடிப்பு இருந்தும் எடை உயரத்தில் இருப்பின் கவிழும்.

ஆகவே அடிச்சட்டத்தை அமைப்போர் சிலவற்றைக் கருத்திற் கொள்வர். மோட்டாரைத் தாழ்வாகப் பொருத்துவர். தேவையாயின் ஈயத் துண்டுகளை அடியில் ஒட்டுவர். சக்கரங்களை அகலமாக அமைப்பர். வழிகாட்டித் தகட்டைப் பின் அச்சிலிருந்து இயன்ற அளவு முன்னே வைப்பர். அடிச்சட்டம் முறுக்கின்றிச் சமமாக இருக்கிறதா என்று தட்டையான கண்ணாடியின்மீது வைத்துப் பார்ப்பர்.

பெரிய பந்தயக் கார்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே, பத்து தீகாவில் 1968இல் திறக்கப்பட்ட பந்தயத் திடல் 2003இல் இடிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1999இல், செப்பாங் திடல் உருவாகியிருந்தது. அங்கே 2005ஆம் ஆண்டுப் பார்முலா ஒன் பந்தயத்தில் தமிழகத்தின் நரேன் கார்த்திகேயன் 11ஆவதாக வந்தார். அத்தகைய கார்கள் தரையோடு தரையாய்த் தாழ்ந்தும் அகன்றும் இருப்பதன் காரணம் இப்போது விளங்குமன்றோ?

மாணவ மணிகளே, வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு தீப்பெட்டிகளை எடுத்து, ஒன்றைப் படுக்கையாகவும் மற்றொன்றைச் செங்குத்தாகவும் ஒரு சொரசொரப்பான பலகையின்மேல் வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். நின்ற பெட்டி முதலில் சாயும். படுத்த பெட்டி பின்னர் வழுக்கும். எடையின் உயரமும் அடியின் அகலமுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

தோட்டத்துச் சாலையில் செம்பனைக் குலைகளை உயரக் குவித்துவரும் லாரியும், அளவுக்கு மீறிப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேனும் அந்த நின்ற தீப்பெட்டியை ஒத்தவை. சிறு கார் கவிழ்ந்தால் எடுத்து மீண்டும் தடத்தில் வைக்கலாம். வேன் கவிழ்ந்தால் உயிரை மீட்க இயலாது. வளைவினுள் நுழைந்தபின் அன்று, நுழையுமுன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். பாரத்தைத் தாழ்வாகவும் அளவாகவும் ஏற்ற வேண்டும். வண்டியோட்டும் தந்தையர்க்கும் அண்ணன்மார்க்கும் பிள்ளைகள் இதனை எடுத்துரைப்பார்களாக. விளையாட்டிற் கற்ற அறிவு வீட்டைக் காக்கட்டும்.