திராட்சைச் சாற்றில் இருந்த சர்க்கரை எங்கே போனது?

ஜொகூர் பாரு இரவுச் சந்தையில் தாப்பாய் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். வேகவைத்த புளூட் அரிசியையோ மரவள்ளிக் கிழங்கையோ ஆறவைத்து, ராகி என்ற வெள்ளை வில்லையைப் பொடித்துத் தூவி, மூடி வைப்பார்கள். (இந்த ராகி மலாய்ச் சொல். நம் கேழ்வரகுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இரண்டு மூன்று நாளில் அரிசி குழைந்து, இனித்து, நாக்கில் இலேசாகச் சுர்ரென்று ஏறும். அந்தச் சுர்ருக்குக் காரணம் எத்தனால் என்ற மதுசாரம். திராட்சைச் சாறு மதுவாக மாறும்போதும் நடப்பது ஏறக்குறைய இதே வேலைதான்.

ஒரு வேறுபாடு உண்டு. அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதை நேரடியாக உண்ண முடியாது. அதனால் ராகி வில்லையில் உள்ள பூஞ்சணம் முதலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துத் தருகிறது. திராட்சையில் சர்க்கரை தயாராகவே இருப்பதால் ஈஸ்ட் மட்டும் போதும். பழத்தின் தோலில் படிந்திருக்கும் வெண்படலமே ஈஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் மெழுகு. மதுவுக்கு வேண்டிய ஈஸ்ட் இனம் நல்ல பழத்தின் தோலில் மிக அரிதாகவே இருக்கும்.

ஈஸ்ட் ஏன் இதைச் செய்கிறது? உயிர்வளி கிடைத்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து அது பல மடங்கு அதிகமான ஏடிபி சக்தி அலகுகளைப் பெறலாம். உயிர்வளி இல்லாதபோது கிடைப்பது 2 மட்டுமே. மிச்சச் சக்தியில் பெரும்பகுதி எத்தனாலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மதுசாரம் தீப்பற்றி எரிவது அதனால்தான். சர்க்கரை மிகுதியாக இருந்தால், உயிர்வளி இருந்தாலும் ஈஸ்ட் இந்த ஊதாரி வழியையே தேர்ந்தெடுக்கும். மற்ற நுண்ணுயிர்கள் தாங்காத மதுசாரத்தை அது தாங்கும் என்பதால் போட்டி குறைகிறது.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைந்தால் இரண்டு எத்தனால் மூலக்கூறுகளும் இரண்டு கரிவளி மூலக்கூறுகளும் கிடைக்கும். ஒரு லிட்டர் சாற்றில் 180 கிராம் சர்க்கரை, அதாவது ஒரு மோல், இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நன்கு பழுத்த திராட்சையில் இது இயல்பான அளவு. அதிலிருந்து 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கரிவளியும் வரும். அறை நிலையில் ஒரு மோல் வாயுவின் கொள்ளளவு 24 லிட்டர். இரண்டு மோலுக்கு 48 லிட்டர்! ஒரு லிட்டர் சாறு, தன்னைப்போல் 48 மடங்கு வாயுவை வெளிவிடுகிறது.

பலூனோடு பார்த்தால் வேடிக்கை. இறுக மூடிய கண்ணாடிப் போத்தலில் இதுவே வெடி. பிரான்சின் ஷாம்பேன் மதுவைப் போத்தலில் அடைக்கும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரைதான் சேர்ப்பார்கள். அதற்கே உள்ளே சுமார் 6 வளிமண்டல அழுத்தம் உருவாகிறது. அதைத் தாங்கத் தடித்த கண்ணாடி வேண்டும். நம் சாற்றில் இருப்பது அதைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். முதன்முறை திராட்சை மது போடுபவர்கள் “காற்றுப் படக்கூடாது” என்று கேட்டுவிட்டு மூடியை முறுக்கி வைப்பது எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரியும். வாயு வெளியேற வேண்டும், வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது. தெரிந்தவர்கள் நீர் நிரப்பிய வளைகுழாயைப் பொருத்துவது இதற்காகத்தான்.

காற்று உள்ளே வந்தால் என்ன? அசெட்டிக் அமில பாக்டீரியா எத்தனாலை வினிகராக்கிவிடும். குளுவாங்கிலோ சிகாமட்டிலோ தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். காலையில் இறக்கிய தென்னங்கள் இனிக்கும், மாலையில் ஏறும், மறுநாள் புளிக்கும் என்பார்கள். நம் வெப்பத்தில் எல்லாமே வேகம். தமிழ்நாட்டில் பதநீர் இறக்குபவர்கள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை ஈஸ்ட்டை அடக்குவதால் பதநீர் கள்ளாவதில்லை.

மலேசியாவில் மது தயாரிக்க உரிமம் வேண்டும். 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்பதை 2017 டிசம்பர் 1 முதல் சட்டம் தடுக்கிறது. ஆகவே நீங்கள் மது போட வேண்டாம், வாயுவை மட்டும் பிடியுங்கள். மூன்று பிளாஸ்டிக் போத்தல்களில் 100 மில்லிலிட்டர் திராட்சைச் சாறு ஊற்றுங்கள். இரண்டில் அரைத் தேக்கரண்டி ரொட்டி ஈஸ்ட் சேருங்கள். மூன்றாவதில் ஒன்றும் வேண்டாம். மூன்றின் வாயிலும் பலூன் மாட்டி, ஈஸ்ட் உள்ள ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் மற்ற இரண்டை மேசையிலும் வையுங்கள். மூன்று மணி நேரம் அரை மணிக்கொரு முறை பலூனின் சுற்றளவை அளந்து குறியுங்கள். ஊதிய பலூனிலிருக்கும் வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் நீர் பால்போல் வெளுக்கும். பிறகு சாற்றைச் சுவைக்காமல் கொட்டிவிடுங்கள். பலூன் அசையவே இல்லையா? சாற்றுப் பெட்டியில் பதப்படுத்தும் பொருள் சேர்த்திருக்கிறார்களா என்று படியுங்கள். அதுவும் நல்ல கண்டுபிடிப்பே.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நச்சு மது குடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நொதித்தல் தவறிப்போனால் மது விஷமாகும் என்று சிலர் அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அது சரியல்ல. கொன்றது மெத்தனால். திராட்சைத் தோலின் பெக்டினிலிருந்து நொதித்தலின்போது மெத்தனால் வருவது உண்மைதான். ஆனால் அது உயிரைப் பறிக்கும் அளவை நெருங்குவதில்லை. ஈஸ்ட் சர்க்கரையிலிருந்து மெத்தனாலைச் செய்வதும் இல்லை. இத்தகைய கூட்டச் சாவுகளின் பின்னால் பொதுவாக இருப்பது, தொழிற்சாலைக் கரைப்பானாகப் பயன்படும் மலிவான மெத்தனாலை மதுவில் கலப்பதுதான். நிறத்திலும் மணத்திலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. குடிப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

மெத்தனால் தானாகக் கொல்வதைவிட, நம் கல்லீரல் அதை மாற்றுவதால்தான் கொல்கிறது. ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடாக்குகிறது, அடுத்தது ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது. இதற்குப் பல மணி நேரமாகும். அதனால்தான் இரவில் குடித்தவர் மறுநாள் கண் மங்குகிறது என்கிறார். அந்த நிலையில் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஃபோமெபிசோல் என்ற மருந்தைத் தருவார்கள். அது இல்லாவிட்டால், அளந்து, கண்காணித்துத் தூய எத்தனாலையே மருந்தாகத் தருவதும் உண்டு. அந்த முதல் நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மீதுதான் நாட்டம் அதிகம். அது எத்தனாலில் மும்முரமாக இருக்கும் நேரத்தில், மெத்தனால் உடையாமல் மூச்சின் வழியும் சிறுநீரின் வழியும் மெல்ல வெளியேறிவிடும். தேவைப்பட்டால் இரத்தச் சுத்திகரிப்பும் செய்து அதை வேகமாக நீக்குவார்கள்.