அடைக்கலம் புகுந்தவை

குமாரபாளையம், காவிரியின் கிழக்குக் கரையில் அமைந்த நெசவூர் ஆகும். ஆற்றின் எதிர்க்கரையில் பவானி நகர் விளங்குகின்றது. இவ்வூரில் பொழுது புலர்வதைக் கோழி அறிவிப்பதில்லை. இரவெல்லாம் ஓடிய விசைத்தறிகளின் ஓசையே அறிவிக்கின்றது. இரவு முறை வேலை முடித்துத் தறிக்கூடத்தினின்றும் வெளிப்படும் தொழிலாளர், தேநீர்க் கடையில் தாம் ஒரு குவளை தேநீர் பருகிவிட்டு, காலடியில் வாலாட்டி நிற்கும் நாய்க்கும் ஒரு பொறையை வாங்கி இடுவர். அந்நாய்க்கு உடையவர் என்று ஒருவர் இலர். தெருவினர் அனைவரும் அதற்கு உடையவரே. தமிழ்நாட்டு ஊர்களில் நாயும் மனிதரும் நெடுங்காலம் இவ்வண்ணமே வாழ்ந்து வந்துள்ளனர்.

மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறந்துவிடப்படும் ஆண்டுகளில் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்டு மாதங்களில் காவிரி கரைபுரண்டு ஓடியபோது, ஆற்றோரத் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. அங்கு வாழ்ந்த மக்கள் முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். வெள்ளக் காலத்தில் வீட்டை விட்டு நீங்குவோர் குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு, அரிசியையும் துணியையும் சுமந்துகொண்டு செல்வர். தெருவினர் அனைவருக்கும் பொதுவான நாயை அழைத்துச் செல்பவர் யார்? எல்லாருக்கும் உரியதாக இருந்த உயிர், அந்த ஒரு நாழிகையில் ஒருவருக்கும் உரியதன்று ஆகிவிடுகின்றது.

இத்தகைய வெள்ளம் ஒன்றே, தமிழ்நாட்டில் பெயர்பெற்ற விலங்குக் காப்பகம் ஒன்று தோன்றக் காரணமாயிற்று. 1959ஆம் ஆண்டில் சென்னையில் பெருமழை பொழிந்து தெருக்கள் நீரில் மூழ்கின. கேப்டன் வி. சுந்தரம் என்னும் விமானி, வெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த இரு நாய்க்குட்டிகளைக் கண்டார்; அவற்றை எடுத்துத் தம் இல்லத்திற்குக் கொண்டுவந்தார். அவர்தம் மனைவியார் உஷா சுந்தரம், இந்தியாவின் முதல் பெண் விமானிகளுள் ஒருவர். அவரும் மக்களும் அக்குட்டிகளைப் பேணி வளர்த்தனர். செய்தி பரவவே, அடிபட்டவை, நோயுற்றவை, கைவிடப்பட்டவை எனப் பல உயிர்கள் அவ்வீட்டை நாடி வந்தன. இவ்வாறு தோன்றிய 'புளூ கிராஸ்' என்னும் அமைப்பு 1964இல் முறையாகப் பதிவு செய்யப்பெற்றது.

இதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர், 1860ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரில் மேரி டீல்பி என்னும் அம்மையார், வழி தவறியும் பசித்தும் திரிந்த நாய்களுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். அக்காலச் செய்தித்தாள்கள் அவரை எள்ளி நகையாடின. அவ்வில்லம் 1871இல் பேட்டர்சீ என்னும் இடத்திற்கு மாறியது. இன்றும் அங்கே நடைபெற்று வருகின்றது.

காப்பகம் ஒன்றைத் தொடங்குதல் அரிது. அதனினும் அரிது அது நிரம்பி வழியாமல் காத்தல். ஏரி எத்துணைப் பெரிதாயினும், வரத்து வாய்க்கால் மட்டும் இருந்து மதகும் கலிங்கும் இல்லையாயின் கரை நிற்குமா? காப்பகத்தின் நிலையும் அதுவே. நாள்தோறும் புதிய விலங்குகள் உள்ளே வந்தவண்ணம் இருக்க, ஒன்றேனும் வெளியே செல்லாதிருப்பின், பத்து நாய்க்கு அமைத்த இடத்தில் முப்பது நாய் நெருக்குண்டு கிடக்கும். ஒன்றுக்கு வந்த நோய் அனைத்திற்கும் பரவும். அருளால் எழுந்த இடமே துன்பத்திற்கு உறைவிடமாகும். ஆதலின், காப்பகத்திலுள்ள உயிர்களை நல்லோர் தம் இல்லங்களுக்கு அழைத்துச் சென்று வளர்த்தல், காப்பகத்திற்கு ஒரு துணைப்பணி அன்று. அதன் உயிர்நாடியே ஆகும்.

இச்செயலைத் 'தத்து எடுத்தல்' என்று வழங்குகின்றனர். 'தத்தம்' என்னும் வடசொல்லுக்குக் 'கொடுக்கப்பட்டது' என்பது பொருள். பிள்ளையில்லாதார் பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்கும்போது வழங்கும் சொல்லை நாய்க்கும் பூனைக்கும் வழங்குதல் மிகை என்று சிலர் கூறுவர். மிகையன்று. கடையில் வாங்கிய பொருள் வேண்டாதபோது எறியப்படும்; தத்தாக ஏற்ற உயிரை அவ்வாறு எறிதல் இயலாது. நாயின் வாழ்நாள் ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இன்று ஒரு குட்டியை ஏற்பானாயின், அவன் கல்லூரி முடித்து, பணியில் அமர்ந்து, மணம் புரிந்துகொள்ளும் காலத்திலும் அது அவ்வீட்டின் வாயிலில் படுத்திருக்கும். இத்துணை நீண்ட உறவுக்குச் சொல்லும் சற்றுக் கனமாக இருத்தலே பொருத்தம்.

காப்பகங்களில் நெடுநாள் காத்துக் கிடப்பவை பெரும்பாலும் நம் நாட்டுத் தெரு நாய்களே. பனி நாட்டில் பிறந்த, அடர்ந்த மயிருடைய நாயைப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குவார் உளர். சேலத்துச் சித்திரை வெயிலில் அது நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதைக் கண்டும் பெருமை கொள்வார் உளர். பின்னர், செலவு மிகுந்தபோதோ நோய் வந்தபோதோ அதனையே நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுச் செல்வாரும் உளர். அதுவும் இறுதியில் காப்பகத்தைத்தான் வந்தடைகின்றது. நம் நாய்க்கோ குறுகிய மயிர். வெப்பத்தைத் தாங்கும் உடல். எளிய உணவு போதும். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்னும் தமிழ்நாட்டு நாயினங்கள் புகழ்பெற்றவை. இராசபாளையம் நாயின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை இந்திய அரசு 2005இல் வெளியிட்டது. தெரு நாய்க்கு அத்தகைய குலப்பெயர் இல்லை. அதன் குறை அது ஒன்றே.

தமிழர் நாயை இழிவாகவே கருதினர் என்று எண்ணுதல் பிழை. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல், எகினம் என்று அதற்கு எத்துணைப் பெயர்கள்! திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூரில், பல்லவ வேந்தன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. எருமை மந்தையைக் காக்கப் பொருது வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக அது நாட்டப்பெற்றது. கல்லில் வீரனின் உருவத்தோடு நாய் ஒன்றின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று அக்கல்லெழுத்துக் கூறுகின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன்னர் ஓர் ஊரார் தம் நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தனர். எத்தனையோ மனிதரின் பெயர்கள் மறைந்தொழிந்தன. கோவிவனின் பெயர் நிற்கின்றது.

இவ்வாறு கூறுவதனால், தெரு நாய்களால் விளையும் துன்பத்தை மறுத்தல் ஆகாது. பள்ளிக்குச் செல்லும் சிறுவரும், இருளில் வேலை முடித்து வரும் பெண்டிரும் நாய்க்கடிக்கு அஞ்சுவது வெற்றச்சம் அன்று. வெறிநாய்க்கடி நோய் கண்டபின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. ஆனால் நோய் தோன்றுமுன் தடுத்தல் கூடும். கடிபட்ட இடத்தை உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும். பின்னர்த் தாமதியாது அரசு மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் குறிக்கும் நாள்களில் தவறாது ஊசி போட்டுக்கொள்ளுதல் வேண்டும். மஞ்சளையும் மிளகாயையும் அரைத்துப் பூசிக் காலம் கடத்துதல் உயிருக்கு உலையாகும். இத்தடுப்பு மருந்தை முதன்முதல் 1885இல் மனிதருக்கு இட்டுக் காத்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். அவர் பெயரால் நம் குன்னூரில் 1907இல் நிறுவப்பெற்ற ஆய்வுக்கூடம், வெறிநாய்க்கடி மருந்து செய்வதில் நெடும்பணி புரிந்துள்ளது.

தெரு நாய்களைக் கொன்றொழித்தலே இதற்கு வழி என்று முற்காலத்தில் கருதினர். சென்னை நகராண்மையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தனர். எனினும் தொகை குறையவில்லை. காரணம் எளிது. பெண் நாய் கருவுற்று இரண்டு மாதங்களில் ஈனும். ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகள் பிறக்கும். ஆண்டுக்கு இருமுறை ஈனுதலும் உண்டு. கொல்லப்பட்ட நாய் இருந்த தெருவிற்கு அடுத்த தெரு நாய் வந்து சேரும். இதனை உணர்ந்த புளூ கிராஸ் அமைப்பினர், 1964 முதலே நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் இட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை வற்புறுத்தினர். முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றபின், 1996இல், சென்னை மாநகராட்சி அம்முறையை ஏற்றது. 2001இல் அது நாடு முழுமைக்கும் விதியாயிற்று. காதின் நுனி சிறிது வெட்டப்பட்ட நாயைத் தெருவில் கண்டால், அஃது அறுவையும் ஊசியும் பெற்ற நாய் என்று அறியலாம்.

2025ஆம் ஆண்டில் இவ்வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் வழங்கிய ஆணையில், வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் ஒழிய ஏனைய நாய்களை அறுவையும் ஊசியும் முடித்து அவ்வவ்விடத்தே விடலாம் என்று நீதிமன்றம் கூறியது. விரும்புவோர் நகராட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெரு நாயைத் தத்தெடுக்கலாம் என்றும், அவ்வாறு எடுத்த நாய் மீண்டும் தெருவிற்கு வாராமற் காத்தல் எடுத்தவர் பொறுப்பே என்றும் அவ்வாணை உரைத்தது. நவம்பரில் மற்றோர் ஆணை பிறந்தது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களில் பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கு விடலாகாது. காப்பகங்களிலேயே வைத்தல் வேண்டும் என்பது அது. ஆகவே காப்பகங்களுக்கு வரும் நாய்களின் தொகை மிகுமேயன்றிக் குறையாது. அவை அங்கிருந்து எங்கே செல்லும் என்னும் வினா, இனி ஒவ்வோர் ஊரின் முன்னும் நிற்கும்.

எல்லா வீடும் நாய் வளர்த்தற்கு ஏற்றதன்று. இதனை வெளிப்படையாகக் கூறுதலே நன்று. குமாரபாளையம் போன்ற ஊரில் ஒரே வரிசையில் பல குடும்பங்கள் குடியிருக்கும் வாடகை வீடுகள் மிகுதி. வீட்டுக்கு உரியவரின் இசைவும், அண்டை வீட்டாரின் இசைவும் பெறாமல் நாயைக் கொணர்ந்தால், ஒரு திங்களில் அது மீண்டும் தெருவிற்கே செல்லும். வீட்டிலேயே தறி ஓடுமாயின், குட்டி நூற்கண்டைக் கடித்துக் குதறும், பாவைச் சிக்காக்கும். தந்தை ஒரு முறை, தாய் மறுமுறை எனத் தறிக்குச் செல்லும் குடும்பத்தில், நாய்க்கு வேளைதோறும் நீரும் உணவும் வைப்பவர் யார் என்பதை முன்னரே வரையறுத்தல் வேண்டும். சிறுவர் அழுது கேட்டனர் என்பதற்காக மட்டும் நாயை ஏற்றல் தகாது. அழுகை ஒரு நாளில் ஓயும், நாய் ஓயாது.

ஏற்பது என்று துணிந்தபின் செய்யவேண்டுவன சில. தாயின் பால் மறவாத குட்டியைப் பிரித்தல் கொடுமை. எட்டு வாரமேனும் அது தாயோடு இருத்தல் வேண்டும். மூன்று மாதம் நிரம்பியதும் வெறிநோய்த் தடுப்பூசி இடுவித்து, பின்னர் ஆண்டுதோறும் அதனைத் தொடர்தல் வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனையில் பிற தடுப்பூசிகளையும் கருத்தடை அறுவையையும் பற்றிக் கேட்டறியலாம். குட்டியே வேண்டும் என்னும் பிடிவாதமும் வேண்டா. வளர்ந்த நாயின் இயல்பு முன்னரே தெரிந்திருக்கும். கடித்துக் குதறும் பருவமும் அதற்குக் கழிந்திருக்கும். காப்பகத்தில் எவரும் கேளாத நாய்கள் இத்தகைய முதிர்ந்தவையே.

நாளெல்லாம் சங்கிலியில் கட்டிப்போட்டு உலவவிடாதிருத்தல் சட்டப்படி குற்றம். வளர்த்த விலங்கைப் பசித்து வாடும் நிலையில் கைவிடுதலும் குற்றமே. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் கொணர்ந்த தனிநபர் மசோதாவின் பயனாக, 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்வழி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவராக விளங்கினார். அச்சட்டம் முதற் குற்றத்திற்கு வகுத்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரையே. அக்காலத்தில் அது பெருந்தொகையாக இருந்திருக்கலாம்.

காப்பகத்தினின்றும் வந்த நாய் முதல் நாளே வாலாட்டி விளையாடும் என்று எதிர்பார்த்தல் தவறு. அது திண்ணையின் மூலையிலோ கட்டிலின் அடியிலோ ஒடுங்கிக் கிடக்கும். உணவை முகர்ந்து பார்த்துவிட்டு விலகும். தறி ஓசைக்கும் பாத்திர ஓசைக்கும் நடுங்கும். முன்னர் அடித்தவர் கையில் இருந்தது துடைப்பமாயின், துடைப்பத்தைக் கண்டதும் பதுங்கும். அதனை இழுத்து மடியில் வைத்துக் கொஞ்சுதல் அன்பன்று; நீரும் சோறும் ஓரிடத்தில் வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அருகில் இருத்தலே போதும். இரண்டொரு நாளில் அது உண்ணத் தொடங்கும். சில வாரங்களில் வீட்டாரின் காலடி ஓசையை வேறுபிரித்து அறியும். தறிக்கூடத்தினின்றும் விடியலில் திரும்பும் தந்தைக்காகத் தெருமுனை வரை செல்லும். அதற்கிடையில் பிள்ளைகள் அதற்கு ஒரு பெயர் இட்டிருப்பர். பெயர் என்ன என்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பூசல் நிகழ்ந்திருக்கும். எடுத்தனூர்க் கோவிவனுக்கு அப்பெயரை இட்டவர் யார் என்பதைக் கல்லெழுத்துக் கூறவில்லை.