படுக்கையில் இருந்தாலும் பலம் காக்கலாம்

உடம்பில் உள்ள சதை எல்லாம் ஒரே வகை அல்ல.

கையை மடக்கி இறுக்கிப் பாருங்கள். மேல் கையில் உருண்டையாகத் திரண்டு நிற்கும். அது தசை. வயிற்றைப் பிடித்துப் பாருங்கள். மெத்தென்று மடிப்பாகக் கையில் வரும். அது கொழுப்பு.

தசைதான் வேலை செய்யும் சதை. நடக்கவும், குனியவும், குடம் தூக்கவும் தசை வேண்டும். கொழுப்பு என்பது குதிரில் சேர்த்து வைத்த தானியம் மாதிரி. செலவானது போக மிஞ்சும் உணவு கொழுப்பாகச் சேர்கிறது. கொஞ்சம் கொழுப்பு எல்லோருக்கும் தேவை. அளவுக்கு மேல் சேர்ந்தால் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மூட்டு வலி வருவதற்கு வழி ஆகும்.

படுத்தால் என்ன நடக்கும்?

பயன்படுத்தாத மண்வெட்டி துருப்பிடிக்கும். அசைக்காத தசை தேயும். கால் முறிந்து அசையாமல் வைத்தால், இரண்டு மூன்று வாரத்திலேயே தொடை மெலியத் தொடங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. எலும்பு கூடவும் புண் ஆறவும் புரதச் சத்து தேவை. சாப்பாட்டில் அது போதாவிட்டால், உடம்பு தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும்.

அதே சமயத்தில் உழைப்பு இல்லை. ஆனால் சோறு பழைய அளவில் உள்ளே போகிறது. மிஞ்சியது கொழுப்பாகிறது.

ஒரு பக்கம் தசை குறைகிறது. மறு பக்கம் கொழுப்பு கூடுகிறது. எடை எந்திரத்தில் ஏறி நின்றால் முள் பழைய இடத்திலேயே நிற்கும். எடை மாறவில்லை என்று மனிதர் நிம்மதி அடைவார். அது பொய் நிம்மதி.

ஒரு மேஸ்திரியின் கதை

கர்நாடகத்தில் உள்ளது கோலார் தங்கவயல். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 2001-ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு வேலைக்காகப் பலர் தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போகிறார்கள். அப்படிப் போய் வந்தவர் ஒரு கொத்து மேஸ்திரி. வயது 42. எடை 74 கிலோ.

ஒரு நாள் சாரம் சரிந்தது. மேஸ்திரி கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் அறுவை செய்து கம்பி வைத்தார்கள். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளையும் சொல்லி அனுப்பினார்கள்.

மேஸ்திரிக்குப் பயம். "அசைத்தால் கம்பி நகர்ந்துவிடும்" என்று காலை அசைக்கவே இல்லை. அவர் மனைவிக்கோ வேறு கவலை. "உடம்பு தேறணுமே" என்று சோற்றில் நெய்யை ஊற்றினார். தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்தார்.

இரண்டு மாதம் ஆனது. எடை அதே 74 கிலோ. ஆனால் 90 செ.மீ. இருந்த இடுப்புச் சுற்றளவு 97 ஆகிவிட்டது. பார்க்க வந்த நண்பர் சிரித்தார்.

"என்ன மேஸ்திரி, சாரத்தில் இனி இரண்டு கழி கூடக் கட்டணும் போல இருக்கே!"

மேஸ்திரிக்கு ரோஷம் வந்தது. மறுநாளே இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். பகலில் வெறும் கஞ்சி குடித்தார். மூன்று வாரத்தில் 4 கிலோ குறைந்தது. அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

அடுத்த வாரம் மருத்துவமனையில் நடைச் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றார். கால் வெடவெடவென்று நடுங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிசியோதெரபி பயிற்சி தரும் அம்மா ஓர் அளவு நாடாவை எடுத்தார். இரண்டு தொடைகளையும் அளந்தார்.

"நல்ல தொடையை விட அடிபட்ட தொடை 4 செ.மீ. குறைவு. பட்டினி கிடந்தீங்களா அண்ணா?"

"தொப்பையைக் குறைக்கலாம்னு பார்த்தேன் மேடம். 4 கிலோ குறைச்சிருக்கேன்."

"குறைஞ்சது எது என்று பார்த்தீங்களா? இடுப்பு 95 செ.மீ. இருக்கு. தொப்பை அதிகம் போகலை. தசைதான் போயிருக்கு. தசை இல்லாத கால் உங்களை எப்படித் தாங்கும்?"

மனைவி பக்கத்தில் நின்றார். "சூப் தினமும் குடுத்தேனேம்மா" என்றார்.

"சூப்பில் பெரும்பகுதி தண்ணீரும் கொழுப்பும்தான் அக்கா. சூப்பை மட்டும் குடிச்சா எலும்பு ஒட்டிடாது. பருப்பு, முட்டை, பால், மீன், கறி இதுகளில்தான் புரதச் சத்து நிறைய இருக்கு."

"நான் ஒருத்தி கூலிக்குப் போய்த்தான் வீடு நடக்குது. தினம் கறி மீனுக்கு எங்கேம்மா போறது?"

"கறி வேண்டாம். கொள்ளு, கடலை, சோயா போதும். சோற்றைக் கொஞ்சம் குறைச்சு அந்த இடத்தில் பருப்பை வையுங்க."

மேஸ்திரி அன்றே பயிற்சியைத் தொடங்கினார். மூன்று வேளையும் சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்தார்கள். எடை 71 கிலோ. ஒரு கிலோ கூடியிருந்தது. ஆனால் இடுப்பு 91 செ.மீ. ஆகக் குறைந்திருந்தது. தொடை வித்தியாசம் ஒன்றரை செ.மீ. தான். கொழுப்பு போயிருந்தது. தசை திரும்பியிருந்தது. எட்டாவது மாதம் தரையில் நின்று செய்யும் பூச்சு வேலைக்குப் போனார்.

என்ன சாப்பிட வேண்டும்?

60 கிலோ எடை உள்ளவருக்குச் சாதாரண நாட்களில் சுமார் 50 கிராம் புரதச் சத்து வேண்டும். பெரிய அடி பட்டுத் தேறும்போது 70 முதல் 90 கிராம் வரை தேவைப்படலாம். எதில் எவ்வளவு என்று பாருங்கள்.

ஒரு முட்டை – 6 கிராம்
ஒரு டம்ளர் பால் (200 மி.லி.) – 6 கிராம்
ஒரு கைப்பிடிப் பருப்பு அல்லது கொள்ளு (30 கிராம்) – 6 முதல் 7 கிராம்
ஒரு கைப்பிடி வேர்க்கடலை (30 கிராம்) – 7 கிராம்
சோயா உருண்டை (25 கிராம்) – 12 கிராம்
கேழ்வரகு மாவு (100 கிராம்) – 7 கிராம்

கேழ்வரகில் இன்னொரு நன்மையும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எலும்புக்கு அது வேண்டும்.

புரத உணவை ஒரே வேளையில் மொத்தமாகச் சாப்பிடக் கூடாது. மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிட வேண்டும். காலையில் முட்டை அல்லது பால். மதியம் கெட்டிப் பருப்பும் தயிரும். மாலையில் சுண்டல். இரவில் கேழ்வரகுக் களியும் கொள்ளுக் குழம்பும். இதோடு கீரை, காய், பழம்.

குறைக்க வேண்டியது எது? எண்ணெய்ப் பலகாரம், வனஸ்பதி, சர்க்கரை, இனிப்புப் பானம். ஒரு சிறு கரண்டி எண்ணெயில் 45 கலோரி இருக்கிறது. தினமும் ஐந்தாறு முறை சர்க்கரை போட்ட டீ குடித்தாலும் கொழுப்பு சேரும். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். சாராயமும் ஆகாது.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரத உணவைக் கூட்டக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்படி அசைப்பது?

எந்தப் பயிற்சியை எப்போது செய்யலாம் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எல்லா முறிவும் ஒன்று அல்ல. மருத்துவர் அனுமதித்தால் படுக்கையில் இருந்தபடியே இவற்றைச் செய்யலாம்.

1. பாதத்தை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். இது இரத்த ஓட்டத்துக்கு நல்லது.

2. காலை நீட்டி, முழங்காலின் பின்புறத்தால் படுக்கையை அழுத்த வேண்டும். தொடை இறுகும். 5 எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். இப்படிப் பத்து முறை.

3. நல்ல காலை நீட்டியபடி மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும்.

4. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் அதன் எடை ஒரு கிலோ. அதைக் கையில் பிடித்து மேலே தூக்கி இறக்க வேண்டும். நடைச் சட்டத்தைப் பிடிக்கக் கையில் பலம் வேண்டும் அல்லவா?

மூச்சை அடக்கிக்கொண்டு செய்யக் கூடாது. இலேசான வலி இருக்கலாம். குத்தும் வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

எடையை எப்போது குறைப்பது?

முதலில் எலும்பு கூட வேண்டும். தொடை எலும்பு கூடப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை பட்டினி கூடாது. கொழுப்பும் சர்க்கரையும் குறைந்த, புரதம் நிறைந்த சாப்பாடே போதும்.

எலும்பு கூடிய பிறகு மெல்ல எடையைக் குறைக்கலாம். வாரத்துக்கு அரை கிலோ போதும். அதற்கு மேல் வேகமாகக் குறைந்தால் தசையும் சேர்ந்து போகும்.

வீட்டில் ஒரு தையல் நாடா இருந்தால் நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இடுப்பையும் இரண்டு தொடைகளையும் அளந்து, தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டாமல் இருப்பது நல்லது. தொடை மெலியக் கூடாது. இடுப்பு குறைந்து, தொடை தேறினால் சரியான வழியில் போகிறோம் என்று பொருள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தாமதிக்கக் கூடாது. இரத்தம் உறைந்திருக்கலாம். திடீரென்று மூச்சுத் திணறினாலும், நெஞ்சு வலித்தாலும் அந்த நிமிடமே போக வேண்டும். காயத்தில் சீழ் வந்தாலும், காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சொல் – பொருள்

சாரம் – உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டும் கழிக்கட்டு
புரதச் சத்து – தசையை வளர்க்கும் சத்து
நடைச் சட்டம் – பிடித்து நடக்க உதவும் நான்கு கால் சட்டம், வாக்கர்

பேசுங்கள், எழுதுங்கள்

1. இரண்டு மாதத்தில் மேஸ்திரியின் எடை மாறவில்லை. உடம்பில் என்ன மாறியது?
2. பட்டினி கிடந்தபோது அவர் இழந்தது என்ன?
3. உங்கள் வீட்டில் நேற்றுச் சமைத்த உணவில் புரதச் சத்து எதில் இருந்தது?
4. அடிபட்டுப் படுத்திருப்பவர் உங்கள் தெருவில் இருக்கிறாரா? இந்தப் பாடத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.