நகத்தை வெட்டுங்கள், தோலைத் தொடாதீர்கள்

க்யூட்டிக்கிள் ஆயில், க்யூட்டிக்கிள் ரிமூவர், அதை வெட்டத் தனியாக ஒரு குட்டிக் கத்தரி. பியூட்டி பார்லர் அலமாரியில் இருக்கும் இவையெல்லாம் வேலைக்குப் போகிறவருக்குத் தேவையா? தேவையில்லை. ஆனால் அந்தத் தோல் தேவை. நகம் முளைக்கும் இடத்தில், நகத்தின்மேல் லேசாக ஏறி ஒட்டியிருக்கும் மெல்லிய விளிம்புதான் க்யூட்டிக்கிள். நகத்துக்கும் சதைக்கும் இடையே தண்ணீரும் கிருமியும் இறங்காமல் அடைத்து வைப்பதே அதன் வேலை. அழகாக இல்லை என்று அதை வெட்டினால் அடைப்பு போய்விடும். அதனால்தான் தோல் மருத்துவர்கள் அதை வெட்டாதீர்கள் என்கிறார்கள்.

மற்றபடி எவ்வளவு பராமரிப்பு வேண்டும் என்பதை உங்கள் வேலைதான் முடிவு செய்யும். நம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் கை படும் வேலைகள் கொஞ்சமா என்ன?

முதலில் சிமெண்ட். அரியலூரின் சுண்ணாம்புக்கல்லை நம்பி அரசு ஆலையும் தனியார் ஆலைகளுமாக வரிசையாக நிற்கின்றன. ஆனால் விரல்களுக்குப் பெரிய ஆபத்து ஆலைக்குள் இல்லை, கலவை போடும் இடத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் சேர்ந்த சிமெண்ட் கடுமையான காரம், அதன் பி.எச். அளவு 12-ஐத் தாண்டும். தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை உரித்து, நக ஓரத்தை வெடிக்க வைத்துவிடும். அதிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையாகி, ஒருமுறை பிடித்துக்கொண்டால் சிமெண்டைத் தொடும்போதெல்லாம் கை அரித்துக் கொப்புளிக்கும். கொத்தனாரும் சித்தாளும் துணிக் கையுறை போடுவதைப் பார்க்கிறேன். அது நனைந்துவிட்டால் வெறுங்கையைவிட மோசம், காரத் தண்ணீரை விரலோடு சேர்த்துக் கட்டி வைத்ததுபோல் ஆகிவிடும். ரப்பர் கையுறைதான் சரி. உள்ளே கலவை புகுந்தால் உடனே கழற்றி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அடுத்தது முந்திரி. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்தில் கொட்டை உடைக்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்டிலிருந்து கசியும் பால் தோலைச் சுட்டுக் கறுக்க வைக்கும். விரலில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொண்டு உட்காருகிற பழக்கம் அழகுக்கு வந்ததல்ல. பார்லரில் பாட்டிலில் விற்கிற க்யூட்டிக்கிள் ஆயிலின் தத்துவமும் ஏறக்குறைய இதேதான். வீட்டுத் தேங்காய் எண்ணெய் அதைச் செய்துவிடும். இரவு படுக்கும்முன் நக ஓரத்தில் ஒரு சொட்டு தடவித் தேய்த்தால் போதும், வாசலின் இருந்தால் இன்னும் நல்லது. பார்லர் பாட்டில் வாங்கும் காசுக்கு ஒரு ஜோடி நல்ல கையுறை வாங்கலாம் என்பது என் கட்சி.

மூன்றாவது ஈரக்கை வேலை. ஓட்டல் பாத்திரம், சமையல், துப்புரவு, நர்ஸ் வேலை எல்லாம் இதில் அடக்கம். நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கை நனைந்திருந்தாலோ, 20 முறைக்கு மேல் கழுவினாலோ அதைத் தோலுக்கு ஆபத்தான வேலை என்றே தொழில்சார் தோல் மருத்துவம் கணக்கிடுகிறது. ஊறிப்போன க்யூட்டிக்கிள் நகத்தை விட்டுப் பிரியும், அந்த இடுக்கில் பூஞ்சை குடியேறும். கழுவியதும் விரல் ஓரங்களை ஒற்றித் துடைப்பது சின்ன வேலை, யாரும் செய்வதில்லை.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ பெரம்பலூர் மருத்துவமனைகளிலோ நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் நகத்தின் நீளத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கை சுகாதார வழிகாட்டி, நக நுனி அரை சென்டிமீட்டருக்குள் இருக்கச் சொல்கிறது. நோயாளியைத் தொடுகிறவர்கள் ஒட்டு நகம் வைக்கவே கூடாது என்கிறது. உணவுத் தொழிலிலும் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

எறையூர் சிப்காட் தொழிற்பேட்டையில் காலணி ஆலை வந்தபின் பசையோடு பழகும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். விரலில் ஒட்டிய பசையைத் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். நகம் பிளக்கும், தோல் காயும். எண்ணெய் தடவி ஊறவைத்து, சோப்புப் போட்டு எடுங்கள்.

இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு மானிக்யூர் வேண்டாம். நகத்துக்கு அடியில் அழுக்கில்லாமல் இருந்தால் போதும். சுண்டுவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்க்கும் தம்பிகளுக்கு: அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, எதிரே உட்காருகிறவருக்கும் புரியாது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். வாரம் ஒருமுறை, குளித்தபின் நகம் மிருதுவாக இருக்கும்போது வெட்டினால் போதும். வெள்ளிக்கிழமை வெட்டக்கூடாது என்று வீட்டில் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வெட்டுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஓரத்தில் தோல் கிளம்பியிருந்தால் பல்லால் இழுக்காமல், கிளம்பிய நுனியை மட்டும் நறுக்கிவிடுங்கள்.

அழகுக்கலை படித்துப் பார்லர் வைக்க நினைக்கும் பெண்களுக்குத் தனியாக ஒன்று. க்யூட்டிக்கிள் வெட்டுவதைத் திறமை என்று நினைக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த ரத்தத்தில் ஒரு வாரம்வரை உயிரோடு இருக்கும், ஒரே கத்தரி பத்துப் பேர் விரலைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கருவியைச் சோப்பால் கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்த பிறகே அடுத்தவர் கையில் வையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கால் நகம் பார்க்க வேண்டி வந்தால் தோலைத் தொடவே தொடாதீர்கள். வாடிக்கையாளர் கேட்டாலும் மறுக்கத் தெரிந்தவரிடம்தான் நான் என் வீட்டுப் பெண்களை அனுப்புவேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நகச்சுத்தி வந்துவிட்டால்? நம் ஊரில் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொள்வார்கள். விண்விண்ணென்று தெறிக்கும் விரலுக்கு அது இதமாக இருக்கலாம், சீழை எடுக்காது. ஆரம்பத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் நாளுக்குச் சிலமுறை விரலை வைத்துப் பாருங்கள். சீழ் கட்டினாலோ, சிவப்பு விரலில் ஏறினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ஊசியால் நீங்களே குத்தாதீர்கள். சர்க்கரை நோயாளி ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். வாரக்கணக்கில் ஆறாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் ஈரக்கை வேலையின் கைவரிசை. மாத்திரை வாங்கும்போது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.