எந்தக் கணினியில் இற்றைப்படுத்தல் உண்டு, எதில் இல்லை?

மாணவர்களே, வலையமைப்பின் பாதுகாப்பு பற்றிய வினாக்களுக்குப் பலர் “மென்பொருளை இற்றைப்படுத்தல் வேண்டும்” என ஒரு வரி எழுதி முடித்துவிடுகின்றனர். அவ்விடை பிழையன்று. எனினும் நூற்றுக்கணக்கான கணினிகளுக்குப் பொறுப்பான வலையமைப்பு நிருவாகிக்கு அந்த ஒரு வரி போதாது. குறித்த ஓர் இற்றைப்படுத்தல் எக்கணினிகளில் நிறுவப்பட்டுள்ளது என்பதை அவர் எவ்வாறு அறிகின்றார் என்பதே இப்பாடத்தில் நாம் நோக்கும் விடயமாகும்.

ஊழியர்கள் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தும், வலையமைப்புடன் இணைந்த கணினி பணிநிலையம் எனப்படும். அதன் அமைப்புகளையும் இற்றைப்படுத்தல்களையும் மையச் சேவையகம் ஒன்றிலிருந்து நிருவாகி கட்டுப்படுத்துவாராயின், அது முகாமை செய்யப்படும் பணிநிலையமாகும்.

2017 இல் நிகழ்ந்தது

விண்டோஸ் பணிசெயல் முறைமையில் கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த குறைபாடொன்றைத் திருத்தும் இற்றைப்படுத்தலை மைக்ரோசொப்ட் 2017 மார்ச் 14 ஆம் திகதி வெளியிட்டது. அதன் பாதுகாப்பு அறிவித்தல் எம்எஸ் 17-010 எனப்படும். மே 12 ஆம் திகதி, அதே குறைபாட்டின் ஊடாக ‘வன்னாக்ரை’ எனும் தீநிரல் உலகெங்கும் பரவியது. அது கோப்புகளை மறைகுறியாக்கிப் பணம் கோரியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 236 அமைப்புகளுள் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 நோயாளர் சந்திப்புகள் இரத்தாகியிருக்கலாம் என மதிப்பிடப்பட்டது.

இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், இற்றைப்படுத்துமாறு மார்ச்சிலும் ஏப்ரலிலும் அவ்வமைப்புகளுக்கு அறிவித்தல் அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் அறிவித்தலின்படி அவை செயற்பட்டனவா என அறிய முறையான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை என நாட்டின் தேசியக் கணக்காய்வு அலுவலகம் அதே ஆண்டில் அறிக்கையிட்டது. சாதாரண தபாலுக்கும், பெற்றவரின் கையொப்பம் திரும்பி வரும் பதிவுத் தபாலுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள்.

கணினியிடம் வினவுதல்

ஒரு கணினியை மாத்திரம் சோதிப்பதாயின், அதன் கட்டளைச் சாளரத்தில் ‘சிஸ்டம்இன்ஃபோ’ எனும் கட்டளையை வழங்கலாம். நிறுவப்பட்ட இற்றைப்படுத்தல்களின் கேபி எண்கள் பட்டியலாகத் தோன்றும். பவர்ஷெல்லில் உள்ள ‘கெட்-ஹாட்ஃபிக்ஸ்’ கட்டளையுடன் வேறொரு கணினியின் பெயரைக் கொடுத்து, இருந்த இடத்திலிருந்தே அதனை வினவவும் முடியும். அதற்கு நிருவாகி அனுமதி தேவை. அக்கணினி இயக்கத்திலும் இருத்தல் வேண்டும்.

கணினிகள் பலவாயின் மையச் சேவையகமே வசதியானது. மைக்ரோசொப்டின் டபிள்யுசஸ் சேவையகத்தில் ஒவ்வொரு பணிநிலையமும் தன்னைத்தானே பரிசோதித்து நிலையை அறிவிக்கும்: நிறுவப்பட்டது, தேவை, தோல்வி, நிலை தெரியாது என்றவாறு. அறிக்கை காட்டுவது கணினி கடைசியாகத் தொடர்புகொண்ட நேரத்து நிலையையே என்பதை மறவாதீர்கள். இரண்டு வாரமாக நிறுத்தப்பட்டிருந்த கணினியின் தகவல் இரண்டு வாரப் பழையது.

தரவுத்தளத்தில் வினவுதல்

இனி உங்கள் தரவுத்தளப் பாட அறிவைப் பயன்படுத்துவோம். ஓர் அலுவலகத்தில் விண்டோஸ் 7 உள்ள ஐந்து கணினிகள் 2017 மே மாத இறுதியில் இருந்தன எனக் கொள்க. ‘கணினிகள்’ அட்டவணையில் ப1 முதல் ப5 வரை ஐந்து பதிவுகள் உள்ளன. ‘நிறுவல்கள்’ அட்டவணை பின்வருமாறு:

ப1 – 4012212
ப1 – 4019264
ப2 – 4012215
ப3 – 4019264
ப4 – 3212646

மார்ச் மாதப் பாதுகாப்பு இற்றைப்படுத்தலின் எண் 4012212 ஆகும். அவ்வெண்ணுக்குச் சமமானவற்றை வினவினால் ப1 மாத்திரம் கிடைக்கும். ‘இல்லாத கணினிகளை’ அறிய, எண் 4012212 இற்குச் சமனற்றது என நிபந்தனை இடுவோர் பலர். விளைவு ப1, ப2, ப3, ப4 ஆகும். ப1 இரு பட்டியலிலும் வந்துவிட்டது! ஏனெனில் நிபந்தனை சோதிப்பது கணினியை அன்று, ஒவ்வொரு பதிவையுமே. ப1 இற்கு வேறோர் எண்ணுடன் இன்னொரு பதிவும் உண்டு. ஆகவே இருப்பவற்றை முதலில் கண்டு, அவற்றை முழுக் கணினிப் பட்டியலிலிருந்து நீக்குவதே சரியான முறை.

அவ்வாறு நீக்கினாலும் ப2, ப3 ஆகியன தவறாக ‘இல்லை’ என வரும். 4012215 என்பது மார்ச் மாத மாதாந்தத் தொகுப்பு. 4019264 மே மாதத் தொகுப்பு. மாதாந்தத் தொகுப்பு முன்னைய மாதத் திருத்தங்களையும் உள்ளடக்குவதால், இவ்விரு கணினிகளும் பாதுகாப்பானவையே. ஏப்ரல் தொகுப்பான 4015549 உம் அவ்வாறே. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் கொண்ட தனி வெளியீடுகள் முன்னைய மாதத்தவற்றை உள்ளடக்கமாட்டா. எனவே எண்ணைப் பார்க்குமுன் அது எவ்வகை என அறிதல் அவசியம்.

மாதந்தோறும் புதிய எண்கள் சேர்வதால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இதனாலேயே திருத்தப்பட்ட கோப்பின் பதிப்பைப் பார்க்கும் முறையையும் மைக்ரோசொப்ட் வெளியிட்டது. விண்டோஸ் 7 இல் ‘எஸ்ஆர்வி’ எனும் முறைமைக் கோப்பின் பதிப்பு 6.1.7601.23689 அல்லது அதற்கு மேற்பட்டதாயின் திருத்தம் உண்டு. பயன்பாட்டிலுள்ள இத்தகைய கோப்பு மாறுவதற்குக் கணினியை மீளத் தொடக்க வேண்டும். அதுவரை வேலை முடிந்ததாகக் கருதலாகாது.

ப4 இல் உள்ளது ஜனவரித் தொகுப்பு. ஆகவே அதில் திருத்தம் இல்லை. ப5? அதற்குப் பதிவே இல்லை. அதனை ‘இல்லை’ என எழுதுவதும் பிழை, ‘உண்டு’ என எழுதுவதும் பிழை. ‘தெரியாது’ எனத் தனியே குறித்து, ஒருவர் நேரில் சென்று பார்த்தல் வேண்டும்.

மாதிரி வினா

100 பணிநிலையங்களைக் கொண்ட நிறுவனமொன்றில் 82 கணினிகள் அறிக்கை அனுப்பியுள்ளன. அவற்றுள் 74 இல் குறித்த திருத்தம் உண்டு.
(i) திருத்தம் இல்லையென உறுதியாகக் கூறக்கூடிய கணினிகள் எத்தனை?
(ii) “இன்னும் 8 கணினிகளே எஞ்சியுள்ளன” என நிருவாகி கூறுகின்றார். இக்கூற்றின் தவறு யாது?

விடை
(i) 82 − 74 = 8.
(ii) அறிக்கை அனுப்பாத 18 கணினிகளின் நிலை தெரியாது. அவற்றையும் சேர்த்து 26 கணினிகள் கவனிக்கப்படல் வேண்டும்.