காத்தான் மெட்டில் ஒரு புதுக் கதை

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. கீரிமலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்ன நாடகக் குழு தொடங்குகிறீர்கள், ஊர் வெளியிலும் கோயில் வீதியிலும் ஆடிய கூத்துக்காரரிடம் கற்று, நாங்களே எழுதிய புது நாடகங்களைப் போடப்போகிறோம் என்று எழுதியிருந்தீர். வாசித்தபோது மனம் நிறைந்தது. கூத்திலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்டிருந்தீர். அதற்குப் பதில் உமது ஊருக்கு அயலிலேயே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலத்தில், உள்ளே போய்க் கும்பிடும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள் வாசலில் இருந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் அந்தப் போராட்டத்தில் முன்னின்றது. பொது வழிபாட்டிடத்தில் ஒருவரைச் சாதியின் பெயரால் தடுப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. பதினோராண்டு கழித்தும் வாசல் திறக்கவில்லை. இந்தப் போராட்டத்தைக் கருவாக வைத்து எழுத்தாளர் என்.கே. ரகுநாதன் ‘கந்தன் கருணை’ என்ற நாடகத்தை எழுதினார். அம்பலத்தாடிகள் என்ற குழு அதைக் கூத்தாக்கி ஆடியது. இளைய பத்மநாதன் அதில் முக்கியமானவர். அவர்கள் தெரிந்தெடுத்தது காத்தான் கூத்தின் மெட்டையும் ஆட்டத்தையும்.

இந்தத் தெரிவை நீர் நின்று யோசிக்க வேண்டும். காத்தான் கூத்து என்னும் காத்தவராயன் கூத்து மாரியம்மன் வழிபாட்டோடு சேர்ந்தது, நேர்த்திக்காக ஆடப்படுவது. வடமோடி, தென்மோடி என்ற மற்றக் கூத்து ஆட்டங்கள்போலக் கடினமான தாளக்கட்டுகள் அதில் இல்லை. மெல்லிய துள்ளல் நடை, ஒரு முறை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, பின்னால் நிற்பவர்கள் திருப்பிப் பாடும் பிற்பாட்டு. பார்க்க வந்தவர்களுக்கும் பாட்டுத் தெரியும். கதையோ ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேற்றத்துக்கு அனுப்பப்படும் காத்தவராயனுடையது. சாதியின் எல்லையைத் தாண்டியவனுக்கு ஊர் கொடுத்த தண்டனை அந்த மெட்டுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதரின் கதையை அதே மெட்டில் பாடியபோது, கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தாங்கள் பிள்ளைப்பராயம் தொட்டுக் கேட்ட இராகம் தங்களுடைய இன்றைய வழக்கைப் பேசுகிறது என்று உடனே விளங்கியிருக்கும்.

இதைத்தான் நான் உமக்குச் சொல்ல விரும்புகிறேன். கூத்தின் வடிவத்தை எடுப்பவர், அந்த வடிவத்துக்கும் தான் சொல்லப்போகும் விசயத்துக்கும் இடையே ஓர் உறவைக் கண்டுபிடிக்க வேண்டும். உறவு இல்லாவிட்டால் கூத்து வெறும் அலங்காரமாகிவிடும். நாடகத்தின் தொடக்கத்தில் பறை முழங்க, நாலு பேர் மினுங்கும் சரிகை உடுத்து ஐந்து நிமிடம் ஆடிவிட்டுப் போக, அதற்குப் பிறகு நாடகம் தன்பாட்டில் வசனமாக ஓடும். இப்படியான ஆற்றுகைகளை நீர் நிறையப் பார்த்திருப்பீர். அதைச் செய்யாதீர். உமக்குக் கலை கொடுத்தவருக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் தாசீசியஸ் அதே ‘கந்தன் கருணை’யை எடுத்து, ஈழத்தின் வேறு கூத்து ஆட்டங்களையும் சேர்த்து மீண்டும் நெறியாள்கை செய்தார். ஒரே பிரதி, இரண்டு வழி. எது சிறந்தது என்ற வாதத்தை நாடகக்காரர் இன்னும் முடிக்கவில்லை. என் மனம் முதலாவதின் பக்கம்தான். நகரத்து மேடைக்கு இரண்டாவது ஏற்றதாக இருந்திருக்கலாம்; ஆனால் உம்முடையது போன்ற குழு ஊருக்குள் ஆடப்போகிறது. ஊருக்குத் தெரிந்த ஒரே மெட்டை ஆழமாகப் பிடிப்பது பல ஆட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் போவதைவிடப் பலன் தரும்.

உமது ஊரைச் சுற்றி இன்னும் இரண்டு மனிதர் இருந்தார்கள். இருவரும் 1924இல் பிறந்தவர்கள், இருவரும் 1989இல் காலமானவர்கள். இருவர் பிறந்த இடங்களும் கீரிமலையிலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய தூரம். ஒருவர் காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து. மற்றவர் தெல்லிப்பழை வீமன்காமத்தில் பிறந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன். ஒருவர் ஆடியவர், ஒருவர் ஆடவைத்தவர்.

வைரமுத்துவின் வசந்த கான சபா பெரிய நிறுவனம் ஒன்றுமில்லை. ஆர்மோனியம், மிருதங்கம், சில நடிகர், ஒரு கொட்டகை. தமிழ்நாட்டிலிருந்து வந்த நாடகக் குழுக்களின் வழியாக இங்கே வேர்விட்ட இசை நாடகத்தை, யாழ்ப்பாணத்தார் கொட்டகைக் கூத்து என்று சொந்தமாக்கிக்கொண்டார்கள். வைரமுத்து அதற்கு உயிர் கொடுத்தார். கோயில் திருவிழாவில் அவருடைய ‘மயான காண்டம்’ என்றால் சனம் பாயோடு வந்து இடம்பிடிக்கும். அரிச்சந்திரன் கதை யாருக்குத் தெரியாது? மகனின் உடலோடு சந்திரமதி வருவாள், சுடலை காப்பவன் தன் மனைவியிடமே கூலி கேட்பான். முடிவு தெரிந்த கதைக்கு விடியும்வரை சனம் இருந்தது. அடுத்து என்ன நடக்கும் என்பதற்காக இருக்கவில்லை. அந்த ஒரு கணத்தை இந்த மனிதர் இன்று எப்படிப் பாடப்போகிறார் என்று கேட்பதற்காக இருந்தது. புது நாடகம் எழுதும் பிள்ளைகள் கதைத் திருப்பங்களில் உழைக்கிறார்கள். நீர் ஒரு கணத்தை எடுத்து, அதை எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்று பாரும். வைரமுத்துவிடமிருந்து எடுக்க வேண்டியது அது. அவருடைய உச்சக் குரலை எவராலும் எடுக்க முடியாது.

வித்தியானந்தன் வேறு வேலை செய்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவரைக்கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலி வதை’ (1967) ஆகியவற்றை மேடையேற்றினார். இரவு முழுதும் நடக்கும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, மண்டபத்தில் இருந்து பார்ப்பவருக்கு ஏற்றதாக்கினார். கையெழுத்தில் கிடந்த ‘அலங்காரரூபன் நாடகம்’, ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ போன்ற கூத்துப் பிரதிகளை அச்சேற்றினார். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். படித்தவர்கள் கூத்தைக் கீழாகப் பார்த்த காலத்தில் ஒரு பேராசிரியர் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரைத் தேடிப் போனது சாதாரண விசயமில்லை. ஆனால் அவருடைய நாடகங்களின் கதைகள் பழைய கதைகள்தான். அந்த மாணவர்களிடையே இருந்து வந்த சி. மௌனகுரு 1969இல் ‘சங்காரம்’ செய்தபோது, வடமோடி ஆட்டத்துக்குள் வர்க்க முரண்பாடு வந்தது. ‘கந்தன் கருணை’யும் ஏறக்குறைய அதே காலம். வடிவத்தைக் காப்பாற்றிய தலைமுறையின் தோளில் நின்றுதான் உள்ளடக்கத்தை மாற்றிய தலைமுறை ஆடியது. முதல் வேலையைத் தாண்டிக் குதித்து இரண்டாவதுக்குப் போக முடியாது. இது உமக்கும் பொருந்தும்.

அப்படியென்றால் முதலில் போய்க் கற்க வேண்டும். சிங்கள நாடகத்தில் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. எதிரிவீர சரச்சந்திர 1956இல் ‘மனமே’ நாடகத்தைச் செய்தபோது, நாடகம என்ற பழைய கூத்து மரபைக் கையாண்டார். அந்த மரபின் வேர் நம்முடைய கத்தோலிக்கக் கூத்துகளோடு தொடர்புள்ளது. அதற்காகச் சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்ற நாடகம ஆசானை அழைத்து, மாணவருக்குப் பாட்டையும் ஆட்டத்தையும் பழக்குவித்தார். பேராசிரியர் புத்தகத்தில் படித்துச் செய்யவில்லை. தெரிந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சென்னையில் நா. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கியபோதும் புரிசை கண்ணப்பத் தம்பிரான்போன்ற தெருக்கூத்துக் கலைஞர் அதன் பயிற்சிக்கு ஆதாரமானார்கள்.

அண்ணாவியாரிடம் போகும்போது கைபேசியை முதலில் வெளியே எடுக்காதீர். தரு என்ற கூத்துப் பாட்டு ஒன்றை வாயால் கேட்டு வாயால் திருப்பிப் பாடும். பிழைத்தால் அவர் திருத்துவார். அந்தத் திருத்தத்தில்தான் கலை இருக்கிறது. எங்கே மூச்செடுக்கிறார், எந்தச் சொல்லில் தாளம் விழுகிறது, பாடிக்கொண்டு ஆடும்போது காலை எப்படி மெதுவாக்குகிறார் என்று கவனியும். பதிவுசெய்வதானால் அனுமதி கேட்டுப் பிறகு செய்யும். அவருடைய கொப்பியைப் பிரதி எடுத்தால், ஒரு பிரதியைத் தெளிவாகத் தட்டச்சு செய்து அவருக்கே கொடும். பழக்கிய நாட்களுக்குப் பணம் கொடும். குறைவாக இருந்தாலும் பேசி முடிவுசெய்து, சொன்ன நாளில் கொடும். ‘கலைக்காகச் செய்கிறார்’ என்று சொல்லித் தப்புவது எங்கள் சமூகத்தின் நெடுங்காலக் கெட்ட பழக்கம். கூத்துக்காரரில் பலர் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள்.

அவரிடமிருந்து எடுக்கக் கூடாதவையும் உண்டு. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய மரபு அது. எந்தக் கூத்தை எந்தச் சாதியார் ஆடலாம், யார் வாசலில் ஆடலாம் என்ற கணக்குகளும் அதற்குள் இருந்தன. உமது குழுவில் பெண்பிள்ளைகள் ஆடட்டும், மத்தளம் அடிக்கட்டும், அண்ணாவியாக நிற்கட்டும். வயதானவர் ஒருவர் முகம் சுளித்தால் மரியாதையாகப் பதில் சொல்லும், ஆனால் பின்வாங்காதீர். 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ யாழ்ப்பாணக் கிராமங்களுக்குப் போனபோது, போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் துயரம் அவர்கள் முன்னிலையிலேயே மேடையில் பேசப்பட்டது. அது கூத்தின் பிரதி அல்ல. ஆனால் கூட்டாகக் குரல் கொடுப்பதும் பார்ப்பவரோடு நேரே பேசுவதும் கூத்து நமக்குத் தந்த பழக்கங்கள். மரபைத் தொடர்வதற்குப் பல வழி இருக்கிறது.

உமது ஊருக்கு என்று ஒரு தனிக் கவலையும் உண்டு. 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். வைரமுத்து காலமாகி ஓராண்டுக்குள் அவர் ஆடிய ஊர்கள் வெறிச்சோடின. கீரிமலையும் காங்கேசன்துறையும் மாவிட்டபுரமும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. நகுலேஸ்வரம் கோயிலும் சேதமடைந்தது. போர் முடிந்தபின் நிலம் துண்டு துண்டாகத்தான் விடப்பட்டது. ஒரு கூத்து வாழ்வதற்கு அண்ணாவியார் மட்டும் போதாது. ஆட ஒரு வீதி, பழக ஒரு முற்றம், பாட்டுத் தெரிந்த அயல் வேண்டும். அயலே கலைந்துபோனபோது பாட்டு முகாம்களுக்கும் வாடகை வீடுகளுக்கும், பிறகு கடல் தாண்டியும் சிதறிப்போனது. ஆகவே உமக்குத் தேவையான மனிதர் கீரிமலையில் இல்லாமல் இருக்கலாம். மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் பருத்தித்துறைப் பக்கத்திலும் விசாரியும். வெளிநாட்டில் இருக்கும் பழைய நடிகர் ஒருவர் தொலைபேசியில் ஒரு தருவைப் பாடித் தரவும் கூடும்.

நாடகத்துக்கு என்ன கரு என்று கேட்டிருந்தீர். கருவை நான் தர மாட்டேன். குழு கூடிக் கண்டுபிடிக்க வேண்டியது அது. ஒன்று மட்டும் சொல்கிறேன். கீரிமலைக் கேணிக்கும் கடற்கரைக்கும் சனம் ஆடி அமாவாசைக்கு வந்து பிதிர்க்கடன் செய்துவிட்டுப் போகிறது. ‘மயான காண்டம்’ சுடலையில் நடக்கிறது. அங்கே ஒரு பெண் தன் பிள்ளைக்குக் கடைசிக் கடமையைச் செய்ய வழியில்லாமல் நிற்கிறாள். நம்மிடையே உடலே கிடைக்காத பிள்ளைகளின் தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் எந்த நாளில், எதை வைத்துக் கடன் செய்வார்கள்? அரிச்சந்திரன் மெட்டில் சந்திரமதியை இந்தக் கேள்வியோடு நிறுத்த முடியுமா என்று பழகிப் பாருங்கள். இது பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். இந்தக் கருவை எடுத்தால் எந்தத் தாயின் கதையையும் அவர் சம்மதம் இல்லாமல் மேடைக்குக் கொண்டுவராதீர்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கவும் வேண்டாம், ஊர் கண்டுபிடித்துவிடும்.

தொழில் விசயங்களையும் எழுதிவிடுகிறேன். முதல் நாடகம் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் போக வேண்டாம். மூன்று பக்கமும் சனம் இருக்கும்படி வெளியில் ஆடுங்கள். ஒலிவாங்கி இல்லாமல் கேட்கக்கூடிய கூட்டத்துக்கு மட்டும் ஆடுங்கள். எழுதி முடித்துவிட்டுப் பாட்டுத் தேடாதீர். மெட்டைப் பழகிய பிறகு வரிகளை எழுதும், அப்போதுதான் சொல் தாளத்தில் இருக்கும். கூத்துக்காரர் அரங்கேற்றத்துக்கு முன் வேடம் கட்டாமல் சாதாரண உடுப்பில் முழுதாக ஆடிப் பார்ப்பதை வெள்ளுடுப்பு என்பார்கள். அதை ஊரவர் சிலரை, முக்கியமாக உங்களுக்குப் பழக்கியவரை, இருத்தி வைத்துச் செய்யுங்கள். அவர் முகத்தைப் பார்த்தே எந்த இடத்தில் பொய் சொல்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். அந்த இடங்களை வெட்டுங்கள், எவ்வளவு பிடித்த வரியாக இருந்தாலும்.

நோட்டீஸ் அடிக்கும்போது பழக்கியவரின் பெயர் உமது பெயருக்கு மேலே, அதே அளவு எழுத்தில் வரட்டும். அனுசரணை தருபவர் ஒரு பெரிய பதாகை கட்டச் சொன்னால், மேடைக்குப் பின்னால் கட்ட விடாதீர். முதல் ஆற்றுகையை ஆடி அமாவாசை நாளில் வைக்க வேண்டாம். அன்று வருபவர்கள் தங்கள் துக்கத்தோடு வருகிறார்கள். அவர்களைப் பார்வையாளராக்கும் உரிமை நமக்கு இல்லை. அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் வையுங்கள். நாள் குறித்ததும் எழுதும். கொப்பி தயாரானால் அதையும் அனுப்பும், பாட்டுப் பகுதிகளை முதலில்.

அன்புடன்,
பெரியப்பா