தோலின் வயதை மெஷின் சொல்லுமா?

கேள்வி: எனக்கு வயது 52. மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஸ்கின் கிளினிக்குக்குப் போயிருந்தேன். கன்னத்தில் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஸ்கின்னோட வயசு 61" என்றார்கள். கையோடு ஒரு பேக்கேஜும் சொன்னார்கள். தோலுக்கு அப்படி வயது பார்க்க முடியுமா? (வாசகி, திருச்சி)

பதில்: தோல் எவ்வளவு இழுபடுகிறது, எவ்வளவு மீள்கிறது என்று அளக்க முடியும். 61 என்பது அந்த அளவின்மேல் யாரோ போட்ட கணக்கு. இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது உறிஞ்சு முறைக் கருவியாக இருக்கும். இந்த வகையில் ஆராய்ச்சிக்கூடங்களில் அதிகம் புழங்குவது கட்டோமீட்டர் என்ற ஜெர்மனித் தயாரிப்பு. அதன் முனையில் 2 மில்லிமீட்டர் துளை இருக்கும். தோலில் வைத்ததும் சில விநாடிகள் காற்றை உறிஞ்சும். தோல் துளைக்குள் மெல்ல எழும்பும். பிறகு உறிஞ்சுவதை நிறுத்திவிடும். தோல் திரும்ப அமரும். எழுந்த உயரத்தையும் அமர்ந்த வேகத்தையும் உள்ளே இருக்கும் ஒளிக்கற்றை அளந்து கோடாகப் போட்டுக் காட்டும்.

வயதைக் காட்டிக்கொடுப்பது அமரும் பகுதிதான். கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். இருவரின் தோலும் 0.30 மி.மீ. எழும்புகிறது. உறிஞ்சுவதை நிறுத்தியதுமே ஒருவருக்கு 0.21 மி.மீ. இறங்கிவிடுகிறது, மற்றவருக்கு 0.12 மட்டும் இறங்கி, மீதி மெதுவாக இறங்குகிறது. முன்னவருக்கு விகிதம் 0.70, பின்னவருக்கு 0.40. முழுவதும் உடனே மீண்டால் 1. வயது ஏற ஏற இந்த விகிதம் குறைவதைப் பல நாட்டு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

காரணம் உள்தோலில் இருக்கிறது. அதன் உலர் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கொலாஜன். (மூன்று இழைகள் முறுக்கிய அதன் அமைப்பை 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள் என்பது நாம் அடிக்கடி மறந்துபோகும் சங்கதி.) தோல் கிழியாமல் தாங்குவது கொலாஜன். இழுத்தால் பழைய இடத்துக்குத் திரும்ப வைப்பது எலாஸ்டின். எலாஸ்டின் சில சதவீதம்தான். அதையும் உடம்பு கருவிலும் குழந்தைப் பருவத்திலும் பெரும்பாலும் செய்து முடித்துவிடுகிறது. அப்புறம் கெட்டால் கெட்டதுதான். பழைய பாவாடை எலாஸ்டிக் மாதிரி, நீளும், சுருங்காது. கொலாஜனும் வாலிபம் தாண்டியதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் குறைகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இதில் வயதை விட வெயில் செய்யும் வேலை பெரிது. 2012-ல் ஒரு மருத்துவ இதழில் அமெரிக்க லாரி டிரைவர் ஒருவரின் படம் வந்தது. வயது 69; 28 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். ஜன்னல் பக்கமான இடது கன்னம் மட்டும் தடித்து, வரிவரியாகச் சுருங்கித் தொங்கியது. வலது கன்னம் பல வருஷம் இளையவருடையது போல இருந்தது. கண்ணாடியைத் தாண்டி வரும் புற ஊதா 'ஏ' கதிர்களின் கைங்கரியம் அது. நம்மூர் டிரைவருக்கு ஜன்னல் வலப்பக்கம். அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் மேல்கையின் உட்புறத் தோலையும் முழங்கைக்குக் கீழே வெளிப்புறத் தோலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பிறந்தது ஒரே நாளில்.

இனி அந்த 61. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே இந்த விகிதம் நிறைய மாறும். 45 வயதுக்காரரின் அளவும் 60 வயதுக்காரரின் அளவும் ஒன்றாக இருப்பது சாதாரணம். கிரீம் தடவியிருந்தால் மாறும். வெயிலில் நடந்துவந்து உட்கார்ந்த உடனே அளந்தால் மாறும். ஆய்வுகளில் குளிரூட்டிய அறையில் 20 நிமிடமாவது உட்கார வைத்துத்தான் தொடுவார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உறிஞ்சினால் ஒவ்வொரு முறையும் தோல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எழும்பும். துளை 2 மி.மீ. என்றால் மேலடுக்குகள்தான் அதிகம் பேசும். 6, 8 மி.மீ. துளைக்கு ஆழம் தெரியும். ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிடக்கூடாது.

அதனால் இந்த எண் பயன்படுவது ஒரே ஆளை, ஒரே இடத்தில், ஒரே கருவியால் சில மாத இடைவெளியில் பார்க்கும்போதுதான். அடுத்த முறை போனால் "யார் தோலோடு ஒப்பிட்டு 61 என்றீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பேக்கேஜ் வேண்டாம்.

கேள்வி: கொலாஜன் பவுடர் குடித்தால் தொய்வு சரியாகுமா? (வாசகி, கோவை)

பதில்: குடித்தது வயிற்றில் உடைந்து அமினோ அமிலமாகவும் சிறு துண்டுகளாகவும்தான் ரத்தத்துக்குப் போகும், நேராகக் கன்னத்துக்குப் போகாது. பலன் உண்டு என்று சொல்லும் ஆய்வுகளில் பல, தயாரிப்பாளர்கள் பணத்தில் நடந்தவை. நான் எழுதிக் கொடுப்பதில்லை. அந்தக் காசுக்கு நல்ல சன்ஸ்கிரீனும் ஒரு குடையும் வாங்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 75 வயது. புறங்கையைக் கிள்ளிவிட்டால் தோல் மேடாக அப்படியே நிற்கிறது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதா? (வாசகர், காரைக்குடி)

பதில்: புறங்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது உலக சுகாதார நிறுவனமே சொல்லும் சோதனை. திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆனால் ஆபத்து. குழந்தைக்கு எலாஸ்டின் புதுசு, அதனால் அங்கே தாமதத்துக்கு நீரிழப்பைச் சந்தேகிக்கலாம். உங்கள் அப்பாவின் கையில் எலாஸ்டினே தேய்ந்திருக்கும். வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாலும் மேடு நிற்கும். வெயில் அதிகம் படாத மார்பெலும்பு மேல் பார்ப்பது கொஞ்சம் தேவலை. அதுவும் உறுதியில்லை.

நாக்கு வறட்சி, சிறுநீர் குறைந்து அடர்நிறமாவது, எழுந்தால் தலைசுற்றல், திடீரென்று பேச்சு குழம்புவது ஆகியவற்றைக் கவனியுங்கள். குழப்பம் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதென்று மருந்து சாப்பிடுகிறவர் என்றால், கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்துவிட வேண்டாம். அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.